திரை காட்டும் லெவலை எப்போது நம்பலாம்?

மண்வேலை இயந்திரங்களில் பொருத்தும் வழிகாட்டிக் கருவிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். முதல் கேள்வி கேபினுக்குள்ளிருந்து வந்தது. அதற்குத்தான் நீளமான பதிலும்.

கேள்வி: இருபது டன் பொக்லைன் ஓட்டுகிறேன். முதலாளி 3டி சிஸ்டம் (செயற்கைக்கோளும் சென்சார்களும் கொண்டு பல் நுனியின் உயரத்தைத் திரையில் காட்டும் கருவி) மாட்டியிருக்கிறார். திரையில் பூஜ்யம், அதாவது வரைபட லெவல், வந்ததும் நிறுத்துகிறேன். சர்வேயர் ஆட்டோ லெவல் (உயரம் அளக்கும் தொலைநோக்கிக் கருவி) வைத்துப் பார்த்தால், கையை நீட்டி வெட்டிய இடத்தில் 4 செ.மீ. ஆழமாகப் போயிருக்கிறது. வண்டிக்குக் கிட்டத்தில் வெட்டினால் 2 செ.மீ.தான் வித்தியாசம். கருவி கெட்டுவிட்டதா, நான் ஓட்டுவதில் தப்பா?
- ஆபரேட்டர், நாமக்கல்

பதில்: ஓட்டுவதில் தப்பில்லை. கிட்டத்தில் 2, தூரத்தில் 4 என்று பிரித்துச் சொன்னீர்களே, நோயைக் கண்டுபிடிக்க அதுவே பாதி வழி.

வண்டியின் பின்பக்கம் இருக்கும் இரண்டு ஆன்டெனாக்கள், வண்டி எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மட்டும்தான் சொல்கின்றன. அங்கிருந்து பக்கெட் பல்லின் நுனி வரை உள்ளதெல்லாம் கணக்கு. அடிச்சட்டம் (சுழலும் மேல்பாகத்தின் சட்டம்), பூம் (வண்டியை ஒட்டிய பெரிய கை), ஸ்டிக் (பக்கெட்டைத் தாங்கும் சின்னக் கை), பக்கெட் லிங்க் (பக்கெட்டைச் சுருட்டும் இணைப்பு) ஆகிய நான்கு இடங்களிலும் சாய்வு சென்சார்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் புவியீர்ப்பை வைத்துத் தான் ஒட்டியிருக்கும் பாகத்தின் சாய்வை அளக்கும். அந்தச் சாய்வையும், பொருத்தும்போது டேப் வைத்து அளந்து கொடுத்த நீளங்களையும் சேர்த்துத்தான் பல் நுனியின் உயரத்தைத் திரை காட்டுகிறது. பல்லை நேரடியாகப் பார்க்கும் கண் எதுவும் அதற்குக் கிடையாது.

உங்கள் வண்டியின் பூம் 5.7 மீட்டர் இருக்கும். பூம் சென்சார் 0.4 டிகிரி பிசகியிருந்தால், பூம் படுத்த நிலையில் பிழை 4 செ.மீ. கிட்டத்தில் வெட்ட பூமை 60 டிகிரிக்கு நிமிர்த்தினால் அதே பிசகு 2 செ.மீ. ஆகிவிடும். நீங்கள் சொன்ன கணக்கும் இதுவே. எனவே முதல் சந்தேகம் பூம் சென்சார் மேல். அதன் பிராக்கெட்டில் கல் அடித்திருக்கலாம். ஹோஸ் மாற்றும்போது சென்சாரைக் கழற்றி மாட்டியிருக்கலாம். கழற்றி மாட்டினாலே மறுபடி காலிபிரேஷன் (அளவைச் சரிபார்த்துப் பொருத்துவது) செய்ய வேண்டும். பழைய ஓட்டையிலேயே போல்ட் போட்டோம் என்ற சமாதானம் செல்லாது.

உறுதிப்படுத்த ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு கம்பியைக் கான்கிரீட்டில் பதித்து, அதன் தலைக்குத் தற்காலிக பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த புள்ளி) ஆட்டோ லெவலில் உயரம் எடுங்கள். பக்கெட்டின் நடுப்பல்லை அதன்மேல் மெல்லத் தொட வைத்துத் திரையில் உள்ள உயரத்தைக் குறியுங்கள். அழுத்தக் கூடாது, அழுத்தினால் பின்களில் உள்ள ஆட்டம் எதிர்ப்பக்கம் போய் அளவு மாறிவிடும். வண்டியைப் பின்னே நகர்த்தி நடு நீட்டம், முழு நீட்டம் இரண்டிலும் இதையே செய்யுங்கள்.

மூன்றிலும் ஒரே பிழை என்றால் பூமையும் ஸ்டிக்கையும் விட்டுவிடலாம். பக்கெட் நீளம், அடிச்சட்ட சென்சார், பேஸ் ஸ்டேஷனின் (வண்டிக்குத் திருத்தம் அனுப்பும் நிலையான ஜிபிஎஸ்) உயரம், திரையில் போட்ட ஆஃப்செட் (கூட்டியோ குறைத்தோ கொடுத்த உயரம்) இவற்றில் ஒன்றுதான் காரணம். நீட்ட நீட்டப் பிழை கூடினால் பூம் அல்லது ஸ்டிக். பூமை அசைக்காமல் ஸ்டிக்கை மட்டும் மாற்றித் தொடும்போது பிழை மாறினால் ஸ்டிக்கைப் பாருங்கள். கம்பித் தலையில் வைத்தபடி பக்கெட்டைச் சுருட்டியும் விரித்தும் தொடும்போது அளவு மாறினால் பக்கெட் அளவுகளோ லிங்க் பின்னோ காரணம்.

அடிச்சட்ட சென்சாரைச் சோதிக்கக் கம்பியே வேண்டாம். வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி முன்பின் சாய்வைக் குறித்துக்கொண்டு, சங்கிலியை நகர்த்தாமல் மேல்பாகத்தை 180 டிகிரி சுற்றுங்கள். முதலில் பிளஸ் 1.2 என்றால் இப்போது மைனஸ் 1.2 வர வேண்டும். மைனஸ் 0.6 வந்தால், வித்தியாசமான 0.6இல் பாதி, அதாவது 0.3 டிகிரி, சென்சாரின் பிழை.

பல் விஷயத்தில் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். பல் தேய்ந்தால் ஆழம் கூடாது, குறையும். பல் பழைய நீளத்தில் இருப்பதாகவே கருவி நினைப்பதால், நுனி தரையைத் தொடும் முன்பே தொட்டுவிட்டதாகக் காட்டும். தேய்ந்த பல்லுக்கு அளவு கொடுத்துவிட்டுப் பிறகு புதுப்பல் போட்டால்தான் ஆழம் கூடும். பாறை கலந்த மண்ணில் வாரம் ஒருமுறையாவது பின்னிலிருந்து பல் நுனி வரை அளந்து போடுங்கள். பக்கெட் மாற்றினால் திரையிலும் மாற்றுங்கள். பல் வைத்த பக்கெட்டைத் தேர்ந்தெடுத்தபடியே தட்டைப் பக்கெட்டில் வெட்டுவது சைட்டில் அடிக்கடி நடக்கும் தவறு.

கேள்வி: மதுரை அருகே சாலை வேலை. ரோவரில் (கையில் எடுத்துச் சென்று அளக்கும் ஜிபிஎஸ்) உயரம், பெஞ்ச்மார்க் எண்ணைவிட 90 மீட்டருக்கு மேல் குறைவாக வருகிறது. டோட்டல் ஸ்டேஷனில் (ஒளிக்கற்றையால் தூரமும் கோணமும் அளக்கும் கருவி) 500 மீட்டர் அளந்தால், வரைபட ஆயத்தொலைவில் 40 செ.மீ. கூடுதலாக இருக்கிறது. எதை நம்பி வண்டிக்கு ஃபைல் கொடுப்பது?
- சைட் இன்ஜினியர், மதுரை

பதில்: இரண்டு எண்களும் பொய் இல்லை. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

செயற்கைக்கோள் தரும் உயரம், பூமியைச் சீரான நீள்கோளமாக வைத்துக் கணக்கிட்டது. பெஞ்ச்மார்க் உயரம் கடல்மட்டத்தை ஒட்டியது. உலகிலேயே இந்த இரண்டும் மிக அதிகமாக விலகும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே இடைவெளி 106 மீட்டர் வரை போகிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடு இருக்கிறது. இங்கே இடைவெளி ஏறத்தாழ 80 முதல் 100 மீட்டர். தூத்துக்குடியில் கடல்மட்டத்துக்கு 4 மீட்டர் மேலே நிற்கும் ரோவர், மைனஸ் 90ஐ ஒட்டிய எண்ணைக் காட்டினால் பதற வேண்டியதில்லை.

தூரக் கணக்குக்குக் காரணம் யுடிஎம் (உலகை 6 டிகிரி அகலப் பட்டைகளாகப் பிரிக்கும் வரைபட முறை) மண்டலம். 78ஆவது கிழக்குத் தீர்க்கரேகை தமிழ்நாட்டின் ஊடே போகிறது. அதற்கு மேற்கே 43ஆம் மண்டலம், கிழக்கே 44. திண்டுக்கல் நகரம் கோட்டுக்குச் சற்று மேற்கில், மதுரை கிழக்கில். கோவை, ஈரோடு, நெல்லை 43இல். சேலம், திருச்சி, சென்னை 44இல். மண்டலத்தின் நடுக்கோட்டில் தரையில் 1 கி.மீ. என்பது வரைபடத்தில் 40 செ.மீ. குறையும். விளிம்பில் கூடும். மதுரை விளிம்பில் இருப்பதால் கிலோமீட்டருக்கு 80 செ.மீ.க்கு மேல் கூடுகிறது. உங்கள் 500 மீட்டருக்கு 40 செ.மீ. சரியாகப் பொருந்துகிறதல்லவா?

இரண்டையும் சரிசெய்யும் வழி லோக்கலைசேஷன். வரைபட ஆயத்தொலைவும் உயரமும் தெரிந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள் குறைந்தது ஐந்தை ரோவரில் அளந்து, மென்பொருளில் பொருத்த வேண்டும். ஐந்தும் ஒரே வரிசையில் இருந்தால் குறுக்குச் சாய்வு கைவிட்டுப் போகும். சாலைக்கு இடம் வலமாக மாற்றி மாற்றி எடுங்கள். வேலை நடக்கும் நீளம் முழுவதும் புள்ளிகளுக்குள் அடங்க வேண்டும். புள்ளிகளுக்கு வெளியே போனால் பொருத்திய தளம் எங்கே சாய்கிறது என்று சொல்ல முடியாது. ஏதாவது ஒரு புள்ளியில் மிச்சப் பிழை 2 செ.மீ.க்கு மேல் வந்தால் அதை அப்படியே ஏற்காதீர்கள். அந்தப் பெஞ்ச்மார்க்கை ஏதாவது டிப்பர் தட்டியிருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

இப்படிக் கிடைத்த ஒரே ஃபைல்தான் ரோவரிலும் எல்லா வண்டிகளிலும் இருக்க வேண்டும். பேஸ் ஸ்டேஷன் தினமும் ஒரே தூணில். ஹெல்பர் வேறிடத்தில் ட்ரைபாட் வைத்து, கருவி தானே கண்டுபிடித்த இடத்தை ஏற்கச் செய்தால் அன்றைய வேலை முழுவதும் மீட்டர் கணக்கில் நகர்ந்துவிடும். ஆன்டெனா உயரத்தை நேர்குத்தாக அளந்தோமா, சாய்வாக அளந்தோமா என்பதும் ஃபைலில் கேட்டபடி இருக்க வேண்டும். சொந்த பேஸுக்குப் பதிலாக சர்வே ஆஃப் இந்தியாவின் கோர்ஸ் (எப்போதும் இயங்கும் நிரந்தர பேஸ்) நிலையங்களிலிருந்து இணையம் வழியாகத் திருத்தம் வாங்கலாம். நடுவழியில் அதற்கு மாறினால் லோக்கலைசேஷனை மறுபடி செய்த பிறகே வண்டியை இறக்குங்கள்.

கேள்வி: ஜிபிஎஸ் கிரேடர் (பிளேடால் தளத்தைச் சமன் செய்யும் வண்டி) வைத்தே வெட் மிக்ஸ் (ஈரம் சேர்த்த ஜல்லி அடுக்கு) வரை ஃபினிஷ் செய்துவிடலாம் என்கிறார்கள். முடியுமா?
- சப் கான்ட்ராக்டர், விழுப்புரம்

பதில்: சப்கிரேடு (சாலை அடுக்குகளுக்கு அடியில் இறுக்கிய மண் தளம்) வரை முடியும். வெட் மிக்ஸுக்கு அந்த ஆர்டிகே ஜிபிஎஸ் (பேஸிலிருந்து உடனுக்குடன் திருத்தம் வாங்கும் ஜிபிஎஸ்) மட்டும் போதாது.

நெடுஞ்சாலை அமைச்சக விதிமுறைப்படி சப்கிரேடு லெவல் 20 மி.மீ. கூடலாம், 25 மி.மீ. குறையலாம். ஜிஎஸ்பிக்கு (சப்கிரேடுக்கு மேல் வரும் கிராவல் அடுக்கு) 10 கூட, 20 குறைய. இயந்திரத்தில் போடும் வெட் மிக்ஸுக்கு 10 மி.மீ. மட்டுமே, இரு பக்கமும். ஆர்டிகே கிடைமட்டத்தில் 1 முதல் 2 செ.மீ. தரும், உயரத்தில் 2 முதல் 3 செ.மீ. செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேயே இருக்கின்றன, கீழிருந்து ஒன்றும் இல்லை. அதனால் உயரம் எப்போதும் பலவீனமானது. 30 மி.மீ. ஆடும் கருவியால் 10 மி.மீ. பிடிக்க முடியாது. அந்த அடுக்குக்கு ரோபோடிக் டோட்டல் ஸ்டேஷன், அல்லது சென்சார் வைத்த பேவர் (அடுக்கைப் பரப்பும் இயந்திரம்). டோட்டல் ஸ்டேஷன் என்றால் ஒரு கருவி ஒரு வண்டிக்குத்தான் வழிகாட்டும். மத்தியான வெயிலில் தரைக்கு மேல் காற்று அலையடிக்கும் என்பதால் தூரத்தை 150, 200 மீட்டருக்குள் வையுங்கள்.

சப்கிரேடில் ஆட்டோ (பிளேடைக் கருவியே ஏற்றி இறக்கும் முறை) போடும்போது எடுத்தவுடன் பூஜ்யத்துக்குப் போகாதீர்கள். முதல் பாஸ் 5 செ.மீ. மேலே, அடுத்தது 2, கடைசியில் பூஜ்யம். பிளேடு நிறைய மண்ணைத் தள்ளும்போது வால்வு திருத்திக்கொண்டே இருக்கும், பரப்பு அலைஅலையாக வரும். கடைசிப் பாஸில் வேகம் மணிக்கு 3 முதல் 5 கி.மீ. ஆயில் சூடேறாமல் வால்வு காலிபிரேஷன் செய்தால் காலையில் ஒரு மாதிரியும் மதியம் ஒரு மாதிரியும் வெட்டும். கட்டிங் எட்ஜ் இரு முனையிலும் ஒரே அளவு தேயாது. இரண்டையும் தனித்தனியாக அளந்து போட வேண்டும்.

ரோலர் ஓடினால் மண் எவ்வளவு இறங்கும் என்பதைக் கருவி அறியாது. 20 மீட்டர் நீளத்துக்கு முன்னோட்டமாகப் பரப்பி, ரோலர் ஓட்டி, இறங்கிய அளவைப் பார்த்து அதை ஆஃப்செட்டாகக் கொடுங்கள்.

கேள்வி: நெல்லைப் பக்கம் இரவு ஷிஃப்ட். ஏழரை மணிக்கு மேல் ஃபிக்ஸ் (ஜிபிஎஸ் சென்டிமீட்டர் துல்லியம் தரும் நிலை) போய்விடுகிறது. பத்து, பதினொன்றுக்குத் தானாக வருகிறது. பேஸை மாற்றிப் பார்த்தும் அப்படியே. மார்ச் மாதம்தான் மோசம்.
- சர்வேயர், திருநெல்வேலி

பதில்: நேரமும் மாதமும் சொன்னதால் காரணத்தை ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். பூமியின் காந்த நடுக்கோடு உங்கள் வட்டாரத்தை ஒட்டியே செல்கிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததும், நெல்லை கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதும் இதனால்தான். சூரியன் மறைந்த பிறகு இந்தக் கோட்டை ஒட்டிய மேல் வளிமண்டலத்தில், மின்னூட்டத் துகள்கள் குறைந்த குமிழிகள் எழும்பும். அவற்றின் ஊடே வரும் சிக்னல் சிமிட்டும், விட்டுவிட்டு வரும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இது அதிகம். சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். 2024இல் அந்த உச்சக் கட்டம் வந்தது.

ஆனாலும் முதலில் சாதாரணக் காரணத்தைக் கழித்துவிடுங்கள். பகல் முழுக்க ஓடிய பேஸ் ரேடியோவின் பேட்டரி இறங்குவதும் சாயங்காலம்தான். திரையில் திருத்தத்தின் வயதை, அதாவது பேஸிலிருந்து கடைசித் திருத்தம் வந்து எத்தனை வினாடி ஆயிற்று என்பதை, பாருங்கள். அது 10, 20 வினாடி என்று ஏறினால் ரேடியோ அல்லது பேட்டரி. வயது 1, 2 வினாடியிலேயே இருந்து, செயற்கைக்கோள் எண்ணிக்கை குதித்துக் குதித்துக் குறைந்தால் வானம்தான் காரணம்.

அப்படியென்றால் ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டோ ஆகிய நான்கு செயற்கைக்கோள் அமைப்புகளையும் ரிசீவரில் திறந்து வையுங்கள். பேஸை வேலையிடத்துக்குச் சில கிலோமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். இவை உதவும், ஆனால் முழுத் தீர்வு ஆகாது. ஃபினிஷிங்கை மாலை ஆறுக்குள் முடித்துவிட்டு, அந்த நாலு மணி நேரத்துக்கு லோடிங், மொத்த வெட்டு இவற்றை வைப்பதே சரியான ஏற்பாடு. ஃபிக்ஸ் போய் ஃப்ளோட் என்று காட்டும்போது பிழை 20 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை போகும். எண்கள் அப்போதும் மில்லிமீட்டர் சுத்தமாகவே தெரியும், அதுதான் ஆபத்து. ஃப்ளோட் என்றால் பக்கெட்டை நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: 20 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு வைத்து முக்கோணப் பரப்பு (புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து வண்டிக்குக் கொடுக்கும் ஃபைல்) செய்து கொடுத்தேன். வளைவுகளில் லெவல் சரியில்லை என்று ஆபரேட்டர் சொல்கிறார்.
- சிவில் டிப்ளமோ முடித்தவர், கரூர்

பதில்: ஆபரேட்டர் சொல்வது சரி. இரு குறுக்குவெட்டுக்கு நடுவே மென்பொருள் நேர்கோடுதான் போடும். நெடுக்கு வளைவின் ஆரம் 2,000 மீட்டர் என்றால், 20 மீட்டர் நேர்கோட்டின் நடுவில் விலகல் 2.5 செ.மீ. சப்கிரேடுக்கு விட்ட இடமெல்லாம் அதிலேயே போய்விட்டது. மேட்டு வளைவில் அதிகமாக வெட்டும், பள்ள வளைவில் மண் மிஞ்சும். 5 மீட்டருக்கு ஒன்று வைத்தால் விலகல் 2 மி.மீ.க்குள் அடங்கும். 300 மீட்டர் ஆரமுள்ள கிடைமட்ட வளைவில் 20 மீட்டர் இடைவெளி விளிம்பை 17 செ.மீ. உள்ளே தள்ளிவிடும். நேர்பகுதியில் 20 இருக்கட்டும். வளைவிலும், சூப்பர் எலிவேஷன் (வளைவில் சாலையின் ஒரு பக்கத்தை உயர்த்துவது) மாறும் இடத்திலும் 5.

ஃபைல் எந்த அடுக்குக்கு உரியது என்பதைப் பெயரிலேயே எழுதுங்கள். ஜிஎஸ்பி 200, வெட் மிக்ஸ் 250, அதன்மேல் தார் அடுக்குகளான டிபிஎம் 100, பிசி 40 மி.மீ. என்றால் முடிந்த சாலைக்கும் சப்கிரேடு தலைக்கும் நடுவே 59 செ.மீ. மேற்பரப்பு ஃபைலை ஏற்றிவிட்டு ஆஃப்செட் போட மறந்தால் 59 செ.மீ. மண் கூடுதலாக ஏறும்.

கேள்வி: பள்ளிக்கூட மைதானம், ஷெட் தளம் மாதிரி இரண்டு, மூன்று ஏக்கர் வேலைகள்தான் செய்கிறேன். 3டி வாங்கலாமா?
- மண்வேலை கான்ட்ராக்டர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். சமதளத்துக்கும் ஒரே சாய்வு உள்ள தளத்துக்கும் சுழல் லேசரும் ரிசீவரும் போதும். உங்கள் டெல்டாவில் டிராக்டரில் நெல் வயலைச் சமன் செய்யும் லேசர் லெவலரும் இதே தத்துவம்தான். பொக்லைனுக்கு என்றால் 2டி (செயற்கைக்கோள் இல்லாமல் உயரமும் சாய்வும் மட்டும் காட்டும் கருவி). வண்டி நகர்ந்த ஒவ்வொரு முறையும் லேசரையோ தெரிந்த முளையையோ தொட்டுப் பூஜ்யம் வைக்க வேண்டும். அதை மறந்தால் 2டியில் எல்லாமே தவறு. லேசரை வாரம் ஒருமுறை 30 மீட்டரில் நான்கு பக்கமும் திருப்பி, ஒரே கோடு வருகிறதா என்று பாருங்கள்.

இதற்குச் செலவு செய்யத் தயங்கினால் ஒரு கணக்கு. இரண்டரை ஏக்கர், அதாவது ஒரு ஹெக்டேரில் 5 செ.மீ. அதிகம் வெட்டினால் 500 கன மீட்டர். கிளறிய மண் கால் பங்கு பெருகினால் 625. யூனிட் (100 கன அடி) கணக்கில் 220. நாலு யூனிட் டிப்பரில் 55 லோடு. அதைத் திரும்ப நிரப்பி ரோலர் போடுவது தனி.

கேள்வி: அரசு சாலை டெண்டர்களில் இந்த வழிகாட்டிக் கருவிகள் கட்டாயமா? ஐசி ரோலர் (மண் இறுகுவதை ஓடும்போதே அளந்து வரைபடமாகக் காட்டும் ரோலர்) வந்தால் டென்சிட்டி டெஸ்ட் வேண்டாமா?
- குவாலிட்டி இன்ஜினியர், சென்னை

பதில்: மத்திய நெடுஞ்சாலை அமைச்சகம் லக்னோ - கான்பூர் விரைவுச்சாலையில் ஜிபிஎஸ் கிரேடர், ஐசி ரோலர், கம்பி கட்டாத பேவர் ஆகியவற்றை முன்னோட்டமாக இறக்கியது. உங்கள் டெண்டரில் உண்டா என்பதை ஒப்பந்த ஆவணத்தில்தான் பார்க்க வேண்டும். ரோலர் அளப்பது மண்ணின் விறைப்பை, அடர்த்தியை அல்ல. உலர்ந்த மண் விறைப்பாகக் காட்டும். ஈரம் ஏறினால் அதே மண் தொய்யும். சப்கிரேடுக்கு ஆய்வகத்தின் உச்ச அடர்த்தியில் 97 சதவீதம் வந்ததா என்பதை மணல் மாற்றுச் சோதனையில்தான் (தோண்டிய குழியை மணலால் நிரப்பி அடர்த்தி காண்பது) உறுதி செய்ய வேண்டும். ரோலரின் வரைபடத்தில் பலவீனமாகத் தெரியும் இடத்தில் குழி எடுங்கள். அதுதான் அந்தக் கருவியின் நல்ல பயன்.

கேள்வி: திரை வந்த பிறகு முளை அடிக்க வேண்டாம், ஹெல்பரும் வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்கிறார். சரியா?
- ஹெல்பர், ஓசூர்

பதில்: 10 மீட்டருக்கு ஒரு முளை வேண்டாம். ஆனால் தினமும் வேலை தொடங்கும் முன் பல்லாலோ பிளேடாலோ தொட்டுப் பார்க்க, டிப்பர் போகாத ஓரத்தில் இரண்டு கட்டுப்பாட்டுக் கம்பிகள் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டிலும் 2 செ.மீ.க்குள் வந்தால் வேலை தொடங்கலாம், வராவிட்டால் சர்வேயரைக் கூப்பிட வேண்டும். தேதி, நேரம், படித்த எண் மூன்றையும் கேபினில் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பின்னால் தகராறு வந்தால் ஆபரேட்டருக்கு அதுதான் சாட்சி.

ஹெல்பர் வேண்டாம் என்பதை ஏற்கவே முடியாது. தரைக்குள் போகும் குடிநீர்க் குழாயும் மின் கேபிளும் யாராவது அளந்து ஏற்றினால்தான் திரையில் தெரியும். பக்கெட் சுற்றளவுக்குள் நடந்து வரும் ஆளைத் திரை காட்டாது. திரையைப் பார்த்து வெட்டும் ஆபரேட்டரின் கண் முன்பைவிட அதிக நேரம் கேபினுக்குள்ளேயே இருக்கிறது. அந்த நேரத்தில் வெளியே பார்ப்பது உங்கள் கண்தான்.